திருவெண்ணெய்நல்லூர் மடவை

அந்தக் கண்ணாடிப் புட்டியை நான் முதலில் பார்த்தது விழுப்புரத்தில், எங்கள் அலுவலகத்து இரும்பு அலமாரியில். பழுப்பேறிய மருந்துத் தண்ணீருக்குள் கையகல மீன் ஒன்று தலைகீழாக நின்றது. கண்கள் வெந்த முட்டை போல வெளுத்திருந்தன. ஒட்டியிருந்த சீட்டில் நீல மையில், 'மடவை. திருவெண்ணெய்நல்லூர், பெண்ணையாறு' என்று எழுதியிருந்தது. மடவை உப்பங்கழியில் திரிகிற மீன். மரக்காணம் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும். விலங்கியல் படித்த எனக்கு அது நன்றாகவே தெரியும். கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே, கரும்பும் நெல்லும் விளைகிற ஊரின் ஆற்றில் இது எப்படி அகப்பட்டது என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். அதற்குள் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் அலமாரியைச் சாத்திவிட்டுப் போய்விட்டேன்.

ஆற்றுப்படுகைத் திட்டமொன்றில் ஒப்பந்த ஊழியராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஆற்றிலும் அதைச் சேர்ந்த ஏரிகளிலும் அழிந்துபோன மீன்களில், பறவைகளில், விலங்குகளில் எவையெவை எத்தனை ஆண்டுக்குள் திரும்ப வர வேண்டும் என்று இலக்கு வைப்பதுதான் வேலை. இலக்கு வைக்க வேண்டுமென்றால் முன்பு என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்தது பல ஆண்டுகளுக்கு முன் வேறு ஒரு குழு எடுத்த பட்டியலும், அந்த அலமாரிப் புட்டிகளும், நீர்நாயின் காலடி என்று பிளாஸ்டரில் வார்த்து வைத்திருந்த ஓர் அச்சும். நாங்கள் அதை 'அடிப்படைப் பட்டியல்' என்போம். அதில் இருந்து இப்போது இல்லாதவை எல்லாம் மீட்கப்பட வேண்டியவை. கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

எங்கள் ஜீப்பை ஓட்டியவரை நாங்கள் எல்லோரும் டிரைவர் அண்ணன் என்றே கூப்பிட்டோம். கோலியனூர் பக்கத்து ஆள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர்தான். ஐம்பதைத் தாண்டியிருந்தார். வண்டிக்குள் எப்போதும் ஒரு தூக்கு நிறைய அவித்த மல்லாட்டை, எங்கள் ஊர் வேர்க்கடலை, இருக்கும். நாங்கள் சேற்றிலிருந்து ஏறி வந்ததும் கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு அதை நீட்டுவார். பேச்சும் சிரிப்புமான மனிதர்தான். ஆனால் ஆற்றங்கரை வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். நாங்கள் வலையை எடுத்துக்கொண்டு இறங்கினால் அவர் வண்டியை விட்டு நகர மாட்டார். சுத்தமாக இருக்கிற கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் என்றால் பயம் போலிருக்கிறது என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. முந்தைய குழுவுக்கும் அவர்தான் வண்டி ஓட்டினார் என்பது எங்களுக்குத் தெரியும். அதை அவரே ஒருநாளும் எடுத்துப் பேசியதில்லை.

திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில் ஆற்றில் கை விட்டு மீன் பிடிக்கிற ஓர் அம்மா இருந்தார். இடுப்பளவு மடுவில் உட்கார்ந்து, சேற்றுக்குள் விரல்களால் தடவித் தடவி ஆராலையும் கெளுத்தியையும் எடுத்து மடியில் போடுவார். அவரும் தங்கைகளும் நாத்தனாருமாக நான்கு பெண்கள். கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் ஆறுதான் அவர்களுக்குச் சோறு. புட்டியில் இருந்த மடவையின் படத்தைக் காட்டி, "இது இங்க இருந்துச்சாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தார். "இது கடலாண்ட மீனாச்சே! இங்க ஏது?" என்றார். சற்றுத் தள்ளி டிரைவர் அண்ணன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். துணி கண்ணாடி மேலேயே நின்றுவிட்டதை நான் பார்த்தேன். பார்த்தும் எதையும் யோசிக்கவில்லை.

அந்த அம்மா சொன்னதை நான் குறிப்பேட்டில் எழுதினேன். அறிக்கையில் எழுதவில்லை. அச்சாகிவிட்ட பட்டியலுக்கு எதிராக ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லை எப்படி வைப்பது? அதற்குப் பதில் நான் வேறொன்று செய்தேன். மடவை ஏன் அங்கே இருந்திருக்கும் என்று விளக்கி ஒரு பத்தி எழுதினேன். தடுப்பணைகள் வராத காலத்தில், மழை வெள்ளம் கடலைத் தொட்டபோது, மடவைகள் கூட்டங்கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு ஊருக்குள் ஏறி வந்தன. வெள்ளி வயிறுகள் வெயிலில் மின்னின. கரையில் நின்றவர்கள் கூடையால் அள்ளினார்கள். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. எங்கும் நான் படிக்கவும் இல்லை. எழுத எழுத வந்தது. திட்ட அதிகாரி அதைப் படித்துவிட்டு, "இந்தப் பத்தி ஒண்ணு போதும்மா, மொத்த அறிக்கையும் நிக்கும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இலக்கு தயாரானது. திருவெண்ணெய்நல்லூர் பகுதிக்கு மடவை திரும்பி வர வேண்டும். வரும்வரை அந்த நீளம் முழுக்க யாரும் மீன் பிடிக்கக் கூடாது. நீர்நாய்க்கும் அதே போல் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு மேலே அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

கூட்டம் திண்டிவனத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலை பதினொரு மணி. முந்தைய நாள் விசேஷத்தின் சரிகைத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. விவசாயிகள், மீனவர்கள், பக்கத்து ஊராட்சிக்காரர்கள் என்று நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஆற்றில் கை விட்டு மீன் பிடிக்கிற அந்த அம்மாவும் மற்ற மூவரும் பஸ் மாறி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் அண்ணன் வாசலை ஒட்டிய சுவரில் சாய்ந்து நின்றார். அதிகாரி மேடையில் என் பத்தியை நிறுத்தி நிறுத்தி, நிதானமாக, நல்ல குரலில் படித்தார். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தடையைப் பற்றிச் சொன்னார்.

அந்த அம்மா எழுந்தார். "சார், இந்த மடவை மீனு எங்க ஆத்துல எப்பங்க இருந்துச்சு?"

அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். "இருந்திருக்கும்மா. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எங்க அலமாரியிலயே அந்த மீன் இருக்கு."

"பொறந்ததுலேர்ந்து அந்த ஆத்துலதான் சார் கைய வுட்டுக்கினு கெடக்கிறேன். எங்கம்மாவும் அங்கதான் புடிச்சாங்க. ஒரு நாளு சிக்கினது இல்ல. இல்லாத மீனு வர்ற வரைக்கும் நாங்க எறங்கக் கூடாதுன்னா, எங்க போறது?"

"ரெக்கார்டுல இருக்கும்மா. உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னா ஆறு பொய் சொல்லுமா?"

சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், அந்தம்மா சொல்றதுதான் நெசம்."

எல்லோரும் திரும்பினோம். டிரைவர் அண்ணன் சுவரை விட்டு இரண்டடி முன்னால் வந்து நின்றிருந்தார். வண்டிச் சாவி கையில் இருந்தது. "அது திண்டிவனம் மார்க்கெட்டு மீனு சார். நான்தான் வாங்கினு வந்தேன். புட்டியில போட்டதும் நான்தான். சீட்டு எழுதினதும் நான்தான்."

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பது போல வேகமாகச் சொன்னார். "அப்ப வந்தவங்க ரெண்டு நாளு ஆத்துல எறங்கினாங்க. அப்பறம் வெயிலு தாங்கலன்னு லாட்ஜிலயே இருந்துக்கினாங்க. 'நீயே போயி கெடைக்கிறத போட்டுக்கினு வா, ஊரு பேர எழுதி ஒட்டிடு'ன்னாங்க. மொதல்ல போனேன் சார். நெசமாத்தான் போனேன். எனக்கு வலை வீசத் தெரியாது, ஒண்ணும் சிக்கல. ஜல்தியா முடி, ஜல்தியா முடின்னு போன் மேல போனு. அப்பறம் மார்க்கெட்டுக்குப் போயிட்டேன்."

"மத்த புட்டிங்க?" அதிகாரியின் குரல் ஒலிபெருக்கியில் சின்னதாகக் கேட்டது.

"பாதிக்கு மேல அப்பிடித்தான் சார்."

"அந்த நீர்நாய் காலடி?"

டிரைவர் அண்ணன் தலை குனிந்தார். "அது எங்க தெரு நாயி சார். ஏரிச் சேத்துல நடந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஐந்து ஆண்டு விலங்கியல் படித்தவள் நான். அந்த அச்சை எத்தனையோ முறை கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். நீர்நாயின் விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. சேற்றில் ஏன் அது பதியவில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அட்டையில் 'நீர்நாய்' என்று எழுதியிருந்ததால் நான் நீர்நாயைத்தான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அந்த அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஜெயித்த முகமாக அது இல்லை. பயந்துபோன முகம். இத்தனை பெரிய மேடையும் மைக்கும் தாள்களும் ஒன்றுமில்லாததன் மேல் நின்றிருந்தன என்பதை அவரும் எங்களோடு சேர்ந்து அப்போதுதான் பார்த்தார்.

கூட்டம் கலைந்தது. டிரைவர் அண்ணன் சாவியை மேடை ஓரத்து மேசையில் வைத்துவிட்டு, யாரும் சொல்லும் முன்பே வெளியே நடந்து பஸ் ஏறிவிட்டார். அடுத்த வாரம் அவரை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் போனது. லாட்ஜில் உட்கார்ந்திருந்தவர்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களுக்கு எந்தக் கடிதமும் போகவில்லை.

தடை வரவில்லை. அடிப்படைப் பட்டியலைக் கைவிட்டுவிட்டுப் புதிதாக எடுக்கச் சொன்னார்கள். இந்த முறை அந்த அம்மாவையும் மற்ற மூன்று பெண்களையும் கூலி கொடுத்து எங்களோடு அழைத்துக்கொண்டோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆற்றிலேயே கிடந்தோம். கிடைத்தது என்னை இன்னொரு முறை உலுக்கியது. பல இடங்களில் வலையில் எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட ஜிலேபிக் கெண்டையும் பிளாஸ்டிக் பையும்தான் வந்தன. சில இடங்களில் எதுவுமே இல்லை. பொய்ப் பட்டியல் எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போது புரிந்தது. அதில் நேற்றைய ஆறு மட்டுமாவது உயிரோடு இருந்தது. "பூஜ்யத்த எப்படிம்மா மேல அனுப்புறது?" என்று அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் அப்படியே அனுப்பினார். புதிய இலக்கு சின்னது. ஆரால் இப்போது இருக்கும் மூன்று மடுக்களில் மணல் அள்ளக் கூடாது. முட்டையிடும் மாதத்தில் மட்டும் அங்கே கை வைக்கக் கூடாது. அந்த மாதம் எது என்று சொன்னவர் அந்த அம்மாதான்.

போன தை மாதம் கோலியனூர் சாலையில் கரும்பு டிராக்டர் ஒன்று என் ஸ்கூட்டிக்கு வழிவிட்டு ஓரங்கட்டியது. மேலே டிரைவர் அண்ணன். இளைத்திருந்தார். நலம் விசாரித்தார். மூன்று மடு விஷயத்தைச் சொன்னேன். "பரவால்லியே" என்றார். நெடுநாளாக மனத்தில் கிடந்ததைக் கேட்டேன். "யாருக்குமே தெரிஞ்சிருக்காதேண்ணா. அன்னிக்கு ஏன் சொன்னீங்க?"

"அந்தம்மாவுக்காகத்தான்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க. அதுவும்தான்." இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "நீ எழுதினத சார் படிச்சாரு பாரும்மா, மீனுங்க கூட்டங்கூட்டமா ஏறி வந்துச்சின்னு. கேக்கச்சொல்ல எனக்கே கண்ணுல தெரிஞ்சிது. பைய நீட்டிக்கினு நான் நின்ன கடை, வெட்டட்டுமான்னு கேட்ட மீன்காரம்மா, எல்லாம் மறந்துபோச்சு. ஒருவேள நெசமாவே ஆத்துலதான் புடிச்சமோன்னு நெனச்சிட்டேன். ஒரு நிமிசம்தான். அப்பதாம்மா ஒதறல் எடுத்துச்சு."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்ததும், "வர்றேம்மா" என்று டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் ஸ்கூட்டியைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றேன். எழுதும்போது எனக்கும் அந்த மீன்கள் தெரிந்தன என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எந்த உதறலும் எடுக்கவில்லை என்பதையும்.