மாடிப்படியில் காத்தவராயன்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஊரிகம் லைன் வீடுகளில் மங்கம்மாவைப் போன்ற பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; அவளுக்கு வெளிச்சத்தில் இருந்ததும் பேய்தான். கொடியில் காயும் வேட்டி காற்றில் ஆடினால்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் தாண்டுவாள். அவளுக்கு வாய்த்த புருஷன் காத்தவராயனோ பேய்ப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாத ஆள். ராபர்ட்சன்பேட்டைக் கொட்டகைக்கு ஒரு பேய்ப் படம் வந்துவிட்டால் போதும், அவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அவள் பாதிப் படத்தை விரலிடுக்கில் பார்ப்பாள். மீதிப் படத்துக்கு அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பேய் போய்விட்டதா என்று கேட்டபடி இருப்பாள். போன பிறகும் இன்னும் போகவில்லை என்று பொய் சொல்லி, அந்த முகத்தை அவன் கொஞ்ச நேரம் தோளிலேயே வைத்திருப்பான்.

யோசித்தால் வேடிக்கைதான். பேய்ப் படத்துக்கு ஒரு பாழடைந்த பங்களா வேண்டும். வளைந்து இறங்கும் மாடிப்படி வேண்டும். கதவு தானாகத் திறக்க வேண்டும், அரிக்கேன் விளக்கோடு செத்துப்போன காவல்காரன் வர வேண்டும். லைன் வீட்டுக்கு எந்தப் பேயும் வந்ததில்லை, வந்தாலும் நிற்க இடமிருக்காது. எத்தனை படம் பார்த்தாலும் அதே கதவு, அதே கிறீச். ஆனாலும் ஜனங்கள் அலுக்காமல் போய் அலறினார்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட ஜனங்கள்! பூமிக்குள் பாறை வெடித்து வீட்டுப் பாத்திரங்கள் குலுங்கினால், யாருடைய ஷிப்ட் என்று கேட்டுக்கொண்டே சுரங்க ஷாஃப்ட்டின் வாய்க்கு ஓடியவர்கள். அந்தப் பயத்துக்கு இன்டர்வெல் கிடையாது. கொட்டகைப் பயம் விளக்குப் போட்டதும் போய்விடும். அதற்காகவே காசு கொடுத்தார்கள் போலிருக்கிறது.

காத்தவராயன் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவன். பாறைத் தூசி நெஞ்சில் ஏறி, நாற்பது வயதுக்குள் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில், தொண்ணூற்று நாலில், மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. பக்கத்திலிருந்த கோரமண்டல் பகுதியில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று காலியாகக் கிடந்தது. அவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் காத்தவராயனும் நின்றான். டைரக்டர் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செத்த காவல்காரன் வேஷத்துக்கு இவர்தான் என்றாராம். மேக்கப்காரன் அவன் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.

"இவருக்கு நான் என்ன சார் போடறது? எல்லாம் போட்டுத்தான் இருக்கு."

காத்தவராயன் இதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான். மங்கம்மா சிரிக்கவில்லை. அந்த மேக்கப்காரனை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஏன் மன்னிக்க வேண்டும்?

வேஷம் சின்னதுதான். விளக்கைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, ஜன்னலோரம் நின்று, ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். இருமி இருமிப் பலமுறை கெட்டு, கடைசியில் ஒருமுறை சரியாக வந்தது. மகள் ஷோபா அப்போது கைக்குழந்தை. பெரியவளானால் அப்பன் சினிமாவில் நடித்ததைப் பார்த்துக்கொள்வாள் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த ஆடியில் இறந்துபோனான். படம் எதனாலோ பெட்டிக்குள் கிடந்து, தொண்ணூற்றெட்டில்தான் பேட்டைக்கு வந்தது.

அதற்குள் மங்கம்மா பாக்டரி குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே போட்டோ அவனுடைய வேலைப் பாஸில் இருந்து கிழித்தெடுத்தது, நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஷோபா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, அப்பா நடப்பாரா என்று கேட்டாள். அந்தக் கேள்வி மங்கம்மாவை ஆட்டிவிட்டது. பெற்ற மகளுக்கு அப்பன் நடந்ததுகூடத் தெரியாமல் போய்விடக் கூடாது என்று அவளுக்குத் தீராத ஆசை. படம் வந்த மறுநாளே லீவு சொல்லிவிட்டு மகளோடு மேட்னிக்குப் போனாள்.

கதவு திறந்தது. விளக்கு வெளிச்சம் முதலில் வந்தது, பின்னால் காத்தவராயன் வந்தான். கொட்டகையே அலறியது. மங்கம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணை மூடாமல் பார்த்தாள். பின்னாலிருந்து அவள் கூப்பிட்டால் எப்படித் திரும்புவானோ அப்படியே திரும்பினான். மூச்சுவிடவே முடியாத மனுஷனுக்கு யாருடைய சிரிப்பையோ பெரிதாக ஒட்டியிருந்தார்கள், பாவிகள். அதுகூட அவளுக்குக் காதில் ஏறவில்லை. "பாரு கண்ணு, உங்கப்பா" என்று குனிந்தாள். ஷோபா அவள் மடியில் முகத்தை அழுத்திக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து குழந்தை தனியாக வீட்டுக்குள் போக மறுத்தது. பள்ளிக்கூடத்தில் பேயோட பொண்ணு என்றார்கள். சுவரிலிருந்த அப்பாவின் படத்தை எடுத்துவிடச் சொல்லி அழுதது. பேய்க்கு ஏது கால், உங்கப்பா கால் வைத்துத்தானே நடந்தார் என்று மங்கம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்த குழந்தை எந்தக் காலைக் கண்டது?

அப்பனைக் காட்டப் போய், இருந்த அப்பனையும் பறித்துவிட்டோமே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் போகாமலிருக்க முடியவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி மரியகுழந்தையிடம் விட்டுவிட்டு, தினமும் மேட்னிக்குப் போனாள். சுற்றிலும் ஜனங்கள் செத்தவன் வந்துவிட்டானே என்று அலற, அவள் ஒருத்தி மட்டும் இன்னும் கொஞ்சம் நிற்கமாட்டானா என்று ஏங்கினாள். மரியகுழந்தை திட்டியும் பார்த்தாள்.

வியாழக்கிழமை மேட்னிதான் கடைசி ஆட்டம். மறுநாள் படம் மாறுகிறது, இனி எங்கே போய் அவனைப் பார்ப்பது? மங்கம்மா மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஷோபா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போவாதம்மா. அவர இங்க கூட்டினு வந்துடாத."

தினமும் தான் எங்கே போகிறோம் என்று குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அது தவறென்றும் அவளால் சொல்ல முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வரமாட்டாரு கண்ணு."

"எப்பவுமேவா?"

இத்தனை வருஷத்தில் யாரிடமும், தன்னிடம்கூட, மங்கம்மா சொல்லாத வார்த்தை அது.

"எப்பவுமே வரமாட்டாரு. செத்தவங்க வரமாட்டாங்க."

ஷோபா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நம்பிக்கை வந்ததும் முந்தானையை விட்டுவிட்டு, தெருவில் விளையாடும் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சிரிப்பு கேட்டது.

பேட்டையில் மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரம் காத்தவராயன் படியிறங்கி, ஜன்னலோரம் நின்று, திரும்பிப் பார்த்திருப்பான். அங்கே இருக்க வேண்டியவள் நல்ல சேலையோடு வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.