அண்ணன் காலேஜுக்கு மாமா போட்ட திட்டம்

எங்கள் அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க்கோடு தேறிய செய்தி தெரிந்ததும் வீட்டுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்து வந்தவர் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. வாசுதேவநல்லூரில் நிலத்தரகு பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே, "அத்தான், காலேஜ் விஷயத்த எங்கிட்ட விட்டுருங்க. நீங்க ஒண்ணும் பேசப்படாது" என்றார். அப்பா பேசவில்லை. சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் அவர் குமாஸ்தா. பேசாமல் இருப்பதுதான் அங்கே அவருக்குப் பாதி வேலை.

மாமா காலேஜ் வாசலை மிதித்தவர் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யே அவருக்குக் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. ஆனாலும் பிள்ளையை மேலே படிக்கவைக்க நினைக்கிற குடும்பங்களுக்கெல்லாம் தேடிப்போய் யோசனை சொல்வார். எந்த ஹாஸ்டலில் சாப்பாடு தேவலை, எந்தப் பெரிய மனிதர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறார், அவரைப் பார்க்கப் போனால் காலில் விழ வேண்டுமா, கும்பிட்டால் போதுமா என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கூலி வாங்க மாட்டார், சாப்பாடு மட்டும்தான். அரிசி ரேஷனில் கிடைத்த காலம் அது. கூலியே கொடுத்துவிடலாம் என்று அம்மா முணுமுணுப்பாள்.

அண்ணனுக்குப் பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் சேர்ந்து கணக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. அப்பாவின் சம்பளம் மாதக் கடைசியை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். கரிவலம்வந்தநல்லூரில் அம்மாவின் பேரில் கிணற்றோடு கொஞ்சம் புஞ்சை இருந்தது. அதை ஒத்திக்கு வைத்தால் படிப்புச் செலவுக்கு ஆகுமே என்று அப்பா முதல் நாளே மெல்ல ஆரம்பித்தார்.

"நெலத்துல கை வைக்கதுன்னா அதுக்கு நான் எதுக்கு அத்தான்? நம்ம கைக்காசு ஒரு தம்பிடி செலவாகாம பையன காலேஜுல கொண்டு போய் நிப்பாட்டுதேன்" என்றார் மாமா. அம்மா தம்பியை நம்பினாள்.

முதல் திட்டப்படி, எங்கள் ஊரில் ஏழை மாணவர்களுக்கு உதவி செய்துவந்த ஒரு பஞ்சு வியாபாரியிடம் அண்ணனை அழைத்துப் போனார். சட்டை போடவேண்டாம், துண்டு போதும் என்று சொல்லிக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். மாமா மட்டும், "காரியம் பழம். அவுக கண்ணுல தண்ணியே வந்துட்டு" என்று சொல்லி இரண்டாம் முறை குழம்பு ஊற்றச் சொன்னார்.

சில நாள் கழித்து அந்த வியாபாரியின் கணக்கப்பிள்ளை ஒரு பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீஸுக்கு வந்திருக்கிறார். பேச்சுவாக்கில் அண்ணனைப் பற்றி விசாரித்துவிட்டு அப்பாவிடம், "அண்ணாச்சி, தகப்பனில்லாத பிள்ளைன்னு எங்க முதலாளி ரொம்ப மனசு சங்கடப்பட்டாக. நீங்க அந்தப் பையனுக்குச் சித்தப்பாவா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். மாமா முற்றத்தில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏ மாப்ள, நான் எப்ப செத்தேன்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னது அத்தான். தகப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில பிள்ளைக்கு எவன் ஃபீஸ் கட்டுவான்? காலேஜ் தொறந்ததும் நீங்க இருந்துக்கிட வேண்டியதுதான."

அம்மா அடுப்படியில் நின்றபடியே தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று ராத்திரி மாமாவுக்குக் கம்பங்கஞ்சிதான். அவர் அதற்கும் குறை சொல்லாமல் இரண்டு கும்பா குடித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த திட்டம் அவரிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. பெண்ணைப் பெற்றவர் ஒருவர் பையனைப் படிக்கவைப்பார், படிப்பு முடிந்ததும் பையன் அவர் பெண்ணைக் கட்டிக்கொள்வான். அந்த நாளில் அது ஊரில் நடக்காத காரியமில்லை. இளையரசனேந்தல் பக்கத்தில் கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவர், பருத்தி வெள்ளாமையில் நாலு காசு பார்த்தவர், குடும்பத்தோடு அம்பாளைக் கும்பிட வருவதாகவும், அப்படியே நம் வீட்டில் கைநனைத்துவிட்டுப் பேசி முடிக்கலாம் என்றும் மாமா ஏற்பாடு செய்தார். அம்மா பதினைந்து நாளாகப் பிடித்துவைத்திருந்த அரிசியை உலையில் போட்டாள்.

சம்சாரி வில்வண்டியில் வந்து இறங்கினார். கூட அவர் சம்சாரமும் மகளும். மூவர் நெற்றியிலும் கோயில் புற்றுமண் இருந்தது. அவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கவில்லை, வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. வாசுதேவநல்லூர் வத்தல் மண்டிக்காரர், மைத்துனரோடும் ஒரு தார் வாழைப்பழத்தோடும் இறங்கினார்.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அவர் காதருகே குனிந்து, "ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டுமேன்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லி வச்சேன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்து நிப்பாகன்னு யாரு கண்டா?" என்றார்.

விஷயம் விளங்கியதும் சண்டை வரும் என்று எல்லாரும் நினைத்தோம். அப்படி வந்திருந்தால் தேவலை. மண்டிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "வந்தது வந்துட்டோம். ரெண்டு வருச இன்டர்மீடியட் செலவு என்னுது" என்றார்.

"பி.ஏ. வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சம்சாரி.

"ஹாஸ்டல்ல எதுக்குக் கெடக்கணும்? தனி வீடு புடிச்சு, சமையலுக்கு ஆளும் போடுதேன்" என்றார் மண்டிக்காரர்.

மாமா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். புளியந்தோப்பு ஏலத்தில் நிற்பவரைப் போல இருந்தது அவர் நின்ற நிலை.

இதற்கிடையில் சம்சாரியின் மகளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. எனக்கு ஒன்பது வயது. அவள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பல்லாங்குழி எடுத்துவைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. மாடக்குழியில் இருந்த அண்ணனுடைய அல்ஜீப்ராப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துப் புரட்டினாள்.

"என்னையப் பள்ளிக்கூடத்துல எட்டாப்போட நிப்பாட்டிட்டாக" என்றாள்.

"நல்லதாப் போச்சு. இனி கணக்கு வாத்தியார் அடிக்க மாட்டாரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "காலேஜ் புஸ்தகத்த எல்லாம் படிச்சு முடிச்சப்பெறவு உங்க அண்ணன் என்ன செய்வாக?" என்று கேட்டாள்.

"வித்துருவான். பழைய புஸ்தகத்துக்குப் பாதி விலை கெடைக்கும்."

"விக்க விடாத. எங்க அய்யாதான ரூவா குடுக்காக. அப்போ புஸ்தகமும் எங்களுக்குத்தான வரணும்?"

கல்யாணத்துக்குப் பட்டும் நகையும் கேட்காமல் பழைய புத்தகம் கேட்கிற பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. பாவம், கொஞ்சம் புத்தி மட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

முன்கட்டில் சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப்பார்த்தேன். அண்ணன் நடுவில் வந்து நின்றிருந்தான். "எனக்குக் காலேஜ் வேண்டாம் அப்பா. எங்கயாச்சும் கடையில சேந்துக்கிடுதேன்" என்றான்.

மாமா அவன் தோளைப் பிடித்து, "ஏலே மக்கா, கூடி வாற நேரத்துல கெடுத்துராதல" என்றார்.

அப்பா எழுந்தார். "போதும் மாப்ள. கைய எடு." அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிறகு வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். "அண்ணாச்சி, ரெண்டு பேரும் மன்னிக்கணும். தப்பு எங்க பேர்ல. பையன நாங்களே படிக்க வச்சிக்கிடுதோம்."

கதவோரம் நின்ற அம்மா, "நாளைக்கே புஞ்சைய ஒத்திக்கு வைங்க. மொத நாளே நீங்க சொன்னதுதான். இந்தக் கிறுக்கன் பேச்சக் கேட்டு நான்தான் சும்மா இருந்தேன்" என்றாள்.

மண்டிக்காரர் விறுவிறுவென்று வண்டியேறிவிட்டார். போகும்போது வாழைத்தாரை மறக்காமல் எடுத்துக்கொண்டார். சம்சாரி நிதானமானவர். "பேச்சுதான முறிஞ்சுது, சோத்து மேல என்ன கோவம்?" என்று சொல்லி இலையில் உட்கார்ந்தார். அரிசி பற்றாது என்று பயந்திருந்த அம்மாவுக்கு அது அளவாகப் போயிற்று.

புஞ்சை ஒத்திக்குப் போயிற்று. அண்ணன் அந்த மாதமே பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். பின்னாளில் கணக்கு வாத்தியாராகவும் ஆனான். நிலத்தை மீட்பதற்குள் அம்மாவின் கழுத்தும் காதும் காலியாகிவிட்டன. மாமாவோ, "நான் அந்த ரெண்டு பேரையும் கூட்டியாரலன்னா அத்தானுக்கு ரோசம் வந்திருக்குமா? பையன் படிச்சிருப்பானா?" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமே வேறு இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குத் திட்டம் போடக் கிளம்பிவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டதோடு சரி.

சம்சாரி வீட்டார் புறப்பட்டதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெரியவர்கள் முறையாகச் சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். அந்தப் பெண் கடைசியாக வந்தாள். அந்த அல்ஜீப்ராப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஏறி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வண்டி தெருமுனையில் திரும்பும்போது அவள் தாவணியால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

"அந்தப் பிள்ள எதுக்கு அழுதுது?" என்று அம்மா கேட்டாள். நம் வீட்டில் யாராவது ஏதும் சொல்லிவிட்டார்களோ என்று அவளுக்குக் கவலை.

ஆனிக் காற்று தெருப் புழுதியை எல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. "அழலம்மா. கண்ணுல மண்ணு விழுந்துட்டு" என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன்.