தம்பி வளர்த்த உடும்பு

பதினொரு வருடம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்த என் தம்பி, இரண்டு சிறுநீரகமும் பழுதான பிறகுதான் ஊரோடு வந்து சேர்ந்தான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குக் கணவர் இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. கேரள எல்லைக்குள், ஆரியங்கோட்டுக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வாரம் மூன்று நாள் நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவேன். மற்ற நாட்களில் அதே ஊரில் பத்திரம் எழுதும் ஆபீசுக்கு நான் வேலைக்குப் போய்விடுவேன். அவன் தனியாகக் கிடப்பான்.

அது மனசைப் பிசைந்ததால், ஒரு நாய்க்குட்டி வாங்கலாமா என்று கேட்டேன்.

"நாயி வேண்டாம் அக்கா. நான் போன பொறவு அது வாசல்ல கெடந்து அழும். அதப் பாத்து நீயும் அழுவ."

கிளி? அதற்கும் தலையாட்டி மறுத்தான். வாரம் மூன்று நாள் மிஷினில் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறவனுக்கு, கூட்டில் கிடக்கிற ஒன்றைப் பார்க்க முடியாதாம்.

ஆனி மாத மழை விட்டிருந்த ஒரு காலையில், எங்கள் மரங்களில் பால் வெட்டும் அண்ணன் பழைய சிமென்ட் தொட்டிப் பக்கமிருந்து சத்தம் கொடுத்தார். போய்ப் பார்த்தால் தொட்டிக்குள் ஒரு உடும்புக் குஞ்சு. ஒரு முழம்கூட இல்லை. உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி; வாலில் எதுவோ கடித்த புண். ஏற முடியாமல் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"உடும்பாக்கும் மக்கா. சூப்பு வச்சுக் குடுத்தா தம்பிக்கு ஒடம்பு தேறும்" என்றார் அண்ணன்.

எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷம் நான் அடுப்பங்கரையில் எந்தப் பாத்திரம் ஒழிவாக இருக்கிறது என்று யோசித்தேன். அதற்குள் தம்பி தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைப் போட்டு அதை அள்ளி எடுத்துவிட்டான்.

"இது எனக்கு இருக்கட்டும்."

"எலே, போயும் போயும் இதையா வளக்கப் போற?"

"இதுக்கு நான் வேண்டாம் அக்கா. நான் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். எனக்கு இது போதும்."

வால் ஆறும்வரைதான் என்று சொல்லி, பழைய மீன்பெட்டியின் மேல் கம்பிவலை கட்டி முன்னறையில் வைத்தான். வெட்டுக்கிளி, நத்தை, உடைத்த முட்டை எல்லாம் போட்டான். அது அவனைப் பார்த்துச் சீறியதே தவிர, ஒரு நாளும் பழகவில்லை. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. பெட்டிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பான். அது உடம்பை முழுக்க நனைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்திக் குடிக்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டவன், வெடித்த உதட்டோடு அதன் முன்னால் உட்கார்ந்து, "குடி மக்கா, வயிறு நெறயக் குடி" என்பான்.

"அதப் பாத்தா உனக்குத் தாகம் கூடாதாலே?" என்று கேட்டேன்.

"இல்ல. எனக்கும் கொஞ்சம் தண்ணி எறங்குன மாதிரி உண்டு."

இரண்டு மாதம் கழிந்து, டயாலிசிஸ் நர்ஸ் அவன் கையில் நகக்கீறலைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். அவன் மறைக்கவில்லை. கழுத்தில் குழாய் வைத்திருக்கும்போது இந்த மாதிரிப் பிராணியை வைத்துக்கொள்ளவே கூடாது, கிருமி ரத்தத்தில் ஏறினால் பிழைப்பது கஷ்டம் என்று அவள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். தோப்பில் விட்டுவிடு என்று அவனிடம் கெஞ்சினேன். வால் ஆறட்டும், ஓணம் கழியட்டும் என்றான். ஓணமும் போனது. ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ் வராந்தாவில் நின்று வனத்துறைக்குப் போன் செய்தேன். என் பேரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள். உடும்பு வளர்ப்பது குற்றம் என்று மலையாளத்தில் மெதுவாகத்தான் சொன்னார்கள். அவன் கழுத்தைப் பார்த்ததும், கேஸ் எதுவும் வேண்டாம் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். தம்பியே அதைப் பிடித்துச் சாக்குக்குள் விட்டான். தண்ணீர் உள்ள இடத்தில் விடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

ஜீப் போன பிறகு, "பால்வெட்டுக்காரர்தான் சொல்லிக் குடுத்திருக்காரு. எறச்சி கிட்டல்லன்னு உள்ள கோவமாக்கும்" என்றான்.

நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"இருக்கும்" என்றேன்.

அடுத்த நாள் அவன் அந்த அண்ணனைப் படியேறவிடவில்லை, காட்டிக்கொடுத்தவர் இனி வெட்ட வர வேண்டாம் என்றான். பன்னிரண்டு வருடமாக எங்கள் மரங்களில் பால் வெட்டியவர். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தை மாதம், மிஷினில் படுத்திருக்கும்போதே தம்பிக்கு இதயம் நின்றுவிட்டது. குழாயில் கடைசி வரை ஒரு கிருமியும் ஏறவில்லை என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

அடக்கத்துக்கு அந்த அண்ணனும் வந்தார். கூட்டத்துக்குப் பின்னால், மாமரத்தடியில் நின்றுவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா. வேற ஆரு சொல்லுவா?"

"பின்னே ஏன் அண்ணா அவன்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா அவன் உன்கிட்ட மிண்டாம, ஒரு வார்த்த பேசாம இருந்திருப்பான். என்கிட்ட மிண்டல்லேன்னா போகட்டு. அவனுக்குக் கஞ்சி தர நீயல்லா வேணும்."

பிறகு மரங்களைப் பற்றிக் கேட்டார். நாலு மாதமாக யாரும் வெட்டவில்லை என்றேன். திங்கட்கிழமை வாறேன் என்றார். சொன்னபடி வந்தார். இப்போதும் காலையில் அவர் வெட்டிக்கொண்டிருப்பார். நான் கட்டன்காப்பியைத் திண்டில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுகிறேன்.