ஹான் வம்சமும் எங்கள் உப்புக் கிடங்கும்

சீனத்தில் குழந்தை ராஜா பட்டத்தைத் துறந்ததாகப் பத்திரிகைகளில் வந்த வருஷம், நான் கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். காலமெல்லாம் காகிதம் நகர்த்தியவனுக்கு வீட்டில் நகர்த்த ஒன்றும் இல்லை. ஆகவே வண்ணார்பேட்டை வாசகசாலையில் பழைய சீன அரசாங்கத்தைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன்.

வாசகசாலை இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஆற்றங்கரையில் சர்க்காரின் உப்புக் கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டு மனுப் போட்டிருந்தோம். எழுதியவன் நான் என்பதால் மனுவில் குற்றம் காண முடியாது. ஆனால் தாசில்தார் சிபாரிசு எழுதாவிட்டால், குற்றமற்ற மனுவும் அலமாரியில்தான் தூங்கும். எங்கள் ஊரில் அதிகாரி தலைமை வகிக்காமல் கூட்டம் நடக்காது. அன்றைக்குத் தலைமை அந்தத் தாசில்தார்தான்.

வாசகசாலைக் காரியதரிசி ஒரு ஜவுளிக்கடைக்காரர். என்னை ஓரமாக இழுத்தார்.

“சீனாவைப் பத்தி என்ன வேணும்னாலும் பேசும். தாசில்தாரைத் தொட்டுராதேயும்.”

“என் பேச்சுல தாசில்தாரே வரலையே வே.”

“அதான் பயமா இருக்கு. அவராவே உள்ள நுழைஞ்சுக்கிடுவாரு.”

பேச்சில் நான் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஹான் வம்சத்துக்கு வந்தேன். ஜில்லாக்களை ஆண்ட பெரிய அதிகாரிகளைக் கண்காணிக்கச் சக்கரவர்த்தி தனி உத்தியோகம் ஒன்றை ஏற்படுத்தினார். சம்பளத்தைத் தானிய அளவில் சொல்வது அவர்கள் வழக்கம். கண்காணிப்பவனுக்கு, ஆளுகிறவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சின்னச் சம்பளக்காரனுக்கு இழக்க ஒன்றுமில்லை, ஏற இடமுண்டு. ஆகவே பயப்படாமல் எழுதுவான். பெரிய அதிகாரி பணக்காரர்களோடு கூடிக்கொள்கிறாரா, வீட்டுப் பிள்ளைகள் அவர் செல்வாக்கில் ஆடுகிறார்களா என்றெல்லாம் விசாரிப்பான்.

தாசில்தார் நாற்காலியில் நிமிர்ந்தார். அவருடைய மைத்துனர் அப்போதுதான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தார். அது எனக்கு அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது. காரியதரிசி கண்ணை மூடிக்கொண்டார்.

முடிவுரைக்குத் தாசில்தார் எழுந்தார்.

“சிரஸ்தார் என் மனசுல உள்ளதையே சொல்லிட்டாரு! பெரிய சம்பளக்காரங்க சாரல் விழுந்தா குத்தாலத்துக்குப் போயிருதாங்க. வெயில்ல அலைஞ்சு ரிப்போர்ட்டு எழுதுதது யாரு? என்னை மாதிரி சின்னச் சம்பளக்காரன்தான். சீனாக்காரனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு!”

பின்வரிசையில் இருந்த ஒரு கிராம முன்சீப் பலமாகக் கைதட்டினார். சின்னச் சம்பளக்காரன் தாம், பெரியவர் தாசில்தார் என்பது முன்சீப்பின் கணக்கு. வாசலில் நின்ற தாலுகா சேவகர் முன்சீப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். கண்காணிக்க அங்கே எத்தனையோ பேர் தயார். ஆளுகிறவர் என்று ஒருவர்கூட இல்லை.

“பொழைச்சோம் வே,” என்றார் காரியதரிசி.

சிபாரிசு போயிற்று, கிடங்கும் கிடைத்தது. தாசில்தார் மட்டும் தம்முடைய சீன உத்தியோகத்தை விடவில்லை. அடிக்கடி வந்து, பத்திரிகைகள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றனவா என்று பார்த்தார். சுவரில் உப்புப் பூத்திருப்பதைக் கண்டித்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, ஆற்றுக் காற்று வரும் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு மேலே வாசித்தோம்.