பஸ்ஸில் நித்திரை கொள்ளாதவர்

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். ராசாத்தி தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், எங்கட அருளப்பு அண்ணன் போயிட்டார். ஆஸ்பத்திரியில வேலை முடிச்சு உடுப்பு மாத்தேக்குள்ள, மாரடைப்பு." 'எங்கட அண்ணன்' என்று ராசாத்தி சொன்னதன் கனம் உங்களில் சிலருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்காக இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

எங்கள் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், மாதா கோவிலின் நிலக்கீழ் அறையில், சனிக்கிழமைகளில் அருளப்பு அண்ணையும் நானும் நம்மவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவினோம். ஓர் உதாரணம் சொல்கிறேன். அரசாங்கத்தின் மண்ணிற உறை வந்தால் நம் வீடுகளில் அதை உடைக்க மாட்டார்கள், ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து அதே உறையோடு எங்களிடம் வருவார்கள். அருளப்பு அண்ணை ஒரு டப்பா நிறையப் பென்சில் சீவி வைத்திருப்பார். "முதல்ல பென்சிலால எழுதுங்கோ. பிழைச்சா அழிக்கலாம். பயப்படுறதுக்குப் பிறகு நேரமிருக்கு." என்னிடம் சொல்வார்: "மாஸ்டர், உங்களுக்கு இங்கிலீசு தெரியும், எனக்குப் பயம் தெரியும். ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஃபோம் நிரப்பலாம்."

ராசாத்தியின் மகள் சுபா பள்ளி முடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் செஜெப் கல்லூரியில் இங்கே இரண்டு வருடம் படித்து முடித்தவள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் அவளை நேரே இரண்டாம் ஆண்டில் சேர்க்கச் சம்மதித்திருந்தது. ராசாத்தி சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டி அடுக்குபவர். உதவித்தொகை கிடைக்காவிட்டால் சுபா போக முடியாது. உதவித்தொகைப் படிவமோ தகப்பனின் வருமான விவரமும் கையெழுத்தும் கேட்டது. அவர் இறந்திருந்தால் 'இறந்துவிட்டார்' என்ற பெட்டியில் டிக் போட்டுச் சான்றிதழும் இணைக்க வேண்டும். சுபாவின் தகப்பன் மட்டக்களப்பில் காணாமல் போய் அப்போது பதினான்கு வருடம்.

"அம்மா, இது ஒரு சின்னப் பெட்டி. ஒரு டிக், அவ்வளவுதான்," என்றாள் சுபா.

"உனக்கு டிக். எனக்கு உன்ட அப்பா," என்றார் ராசாத்தி. "செத்துட்டார் எண்டு என்ட கையால எழுத மாட்டன்."

வேறொரு வழி இருந்தது. குடும்பத்தைச் சேராத ஒருவர், தகப்பனைப் பற்றித் தாம் நேரில் அறிந்ததைக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் அது போய்ச்சேர வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகனை இங்கே அழைப்பதற்கான ஸ்பொன்சர் விண்ணப்பம் அப்போது முடிவாகாமல் கிடந்தது. அமெரிக்காவில் விமானங்கள் மோதிக் கோபுரங்கள் விழுந்த பிறகு எல்லைக் காவலர்கள் நம் பெயர்களை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் பெயர் அங்கே ஒரு கோப்பில் ஏறினால் என்ன ஆகும்? "எனக்கு அவரைத் தெரியாதே, தெரியாததை எப்படி எழுதுறது?" என்றேன். அது உண்மைதான். ஆனால் பயம்தான் அதைச் சொல்ல வைத்தது.

ராசாத்தியின் கணவரை ராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிய அன்று அருளப்பு அண்ணையும் அதே பஸ்ஸில் இருந்தவர். அந்த நேரம் தாம் நித்திரை என்று பதினான்கு வருடமாகச் சொல்லி வந்தார். ராசாத்தி பல தடவை கேட்டும் அதே பதில்தான்.

"மாஸ்டர், நான் சொல்லுறன், நீங்க இங்கிலீசில எழுதுங்கோ," என்றார் அருளப்பு அண்ணை. நான் பென்சிலை எடுத்து, அவர் அந்தப் பஸ்ஸில் இருந்ததையும் நித்திரையாக இருந்ததையும் நானாகவே எழுதத் தொடங்கினேன். அவர் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். "நித்திரை எண்டதை அழியுங்கோ."

பிறகு சொன்னார். "அவர் எனக்குப் பக்கத்தில இருந்தவர். அடையாள அட்டையைப் பாத்திட்டு இறங்கச் சொன்னாங்க. கைப்பையை என்ட மடியில வச்சு, வீட்ட குடுங்க எண்டார். கீழ நிண்டு என்னைத் திரும்பிப் பாத்தார். நான் கண்ணை மூடிட்டன்."

"பை எங்க?" என்று ராசாத்தி கேட்டார்.

"அடுத்த சாவடிக்கு முன்னம் ஜன்னலால எறிஞ்சிட்டன்."

"அதுக்குள்ள என்ன இருந்தது?"

"திறந்து பாக்கல்ல, தங்கச்சி."

ராசாத்தி அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு என்னிடம், "மாஸ்டர், பையையும் எழுதுங்கோ," என்றார்.

எழுதினேன். பிறகு நல்ல தாளில் படியெடுத்தேன். அருளப்பு அண்ணை அதில் பேனையால் கையெழுத்திட்டார். பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. உதவித்தொகை கிடைத்தது, சுபா போனாள். அவருக்குப் பயம் மட்டும் போகவில்லை. யாராவது விசாரிக்க வருவார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். "மாஸ்டர், இண்டைக்கும் ஒருத்தரும் வரல்ல," என்று சிரிப்பார். ஆனால் கதவு தட்டப்பட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ராசாத்தி ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. பிறகொரு சனிக்கிழமை தேநீர்ப் போத்தலோடு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேறொரு தாயின் படிவத்துக்குப் பென்சில் சீவிக் கொடுத்தார்.

வருகிற சனிக்கிழமை அந்த அறையை நான் தனியே திறக்க வேண்டும். யாராவது என் கையெழுத்தைக் கேட்டால் என்ன செய்வேன் என்று இப்போதே பயப்படுகிறேன். அந்தப் பென்சில் பிரதி என்னிடம் இருக்கிறது. அதை மேசையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நித்திரை என்று நான் எழுதியதை அழித்த இடத்தில் தாள் மெலிந்து போயிருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மெலிந்த இடத்தைத்தான்.