எட்டுப் பேர் ஏன் தாமதமாக வந்தார்கள்?

எழுபதுகளின் தொடக்கத்தில் பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். ஆட்கள் வந்து போகும் நேரத்தை ஆராய்ந்து மேனேஜருக்கு யோசனை சொல்வது என் வேலை. பேக்கிங் பிரிவில் எட்டுப் பெண்கள் அடிக்கடி தாமதமாக வந்தார்கள். அவர்களை நீக்கிவிடலாம் என்று பட்டியல் எழுதிவிட்டேன்.

கொடுப்பதற்கு முன், ஏனோ அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியது. பேக்கிங் பிரிவுக்குப் போய் விசாரித்தேன்.

"கோவிலம்பாக்கத்துலேர்ந்து பஸ் சரியா வர்றதில்ல சார்" என்றார்கள் எல்லோரும்.

மனம் இளகிவிட்டது. ஆனால் அதே பஸ்ஸில் வரும் மற்ற பிரிவுப் பெண்கள் நேரத்துக்கு வந்திருப்பதாகப் பதிவேடு சொன்னது. எதை நம்புவது? இரண்டு நாள் குழம்பித் தவித்தேன்.

மறுபடி பதிவேட்டைப் புரட்டினேன். அவர்களுடைய சூப்பர்வைசருக்குக் காலை ஷிஃப்ட் இருந்த வாரங்களில் மட்டுமே தாமதம். நான் விசாரித்தபோதும் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

எட்டுப் பேரில் ஒருவரான ஸ்டெல்லாவைக் கேன்டீனில் தனியாகக் கேட்டேன்.

"சீக்கிரம் வந்தா பின்னாடி குவார்ட்டர்ஸ்ல அவரு வூட்டுக்குத் தண்ணி தூக்கணும் சார். அதான் மணி அடிச்சப்புறம் உள்ள வர்றோம். அவரு நின்னுகினு இருக்கசொல்ல எப்டி சொல்றது?"

பட்டியலைக் கிழித்துப் போட்டேன். நான் சொன்னதைக் கேட்ட மேனேஜர், சூப்பர்வைசரை வேறு பிரிவுக்கு மாற்றினார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. அதற்கு முன்பும் இரண்டு பட்டியல்கள் கொடுத்திருக்கிறேன். அவற்றில் இருந்த யாரிடமும் நான் எதுவுமே கேட்டதில்லை.