சிரிக்காதே என்று சொல்லி எடுத்த போட்டோ

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருந்த சமயத்தில், எங்கள் கோலார் தங்கவயலில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். தப்பு செய்தவள் நானே என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

குழந்தைகளுக்கான ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை செய்கிறேன். ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடுவே மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை நடத்துகிறோம். ஆபீஸ் ஆண்டர்சன்பேட்டையில். அங்கே தனி ஆட்களிடம் நன்கொடை திரட்டும் பொறுப்பு என்னுடையது. அதற்கு முன் பத்து வருஷம், விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இன்சூரன்ஸ் விற்றவள் நான். நான் பேச ஆரம்பித்தால் சுவர்கூடப் பாலிசி எடுத்துவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அந்தத் திமிர் இந்த வேலைக்கும் என்னோடு வந்தது.

எங்களுக்குக் கொடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஊர்க்காரர்கள்தான். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூர், துபாய், ஆஸ்திரேலியா என்று போய்விட்டவர்கள். ஊர் ஞாபகம் வந்தால் அவர்களுக்கு மனசு இளகிவிடும். அதைத் தெரிந்துகொண்டு, சரியான நேரம் பார்த்து ஒரு கடிதம் அனுப்புவதுதான் என் வேலை. ஒரு பிள்ளையின் போட்டோ, அதன் கீழே பத்து வரி. படித்து முடிப்பதற்குள் கண் கலங்க வேண்டும். எழுதும்போது எனக்கே கண் கலங்கினால் கடிதம் நன்றாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த முறை யாரைப் பற்றி எழுதுவது என்று தேடிக்கொண்டு படிப்பு மையத்துக்குப் போனேன். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், கணக்கில் கெட்டிக்காரி, அன்று சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். என்ன கண்ணு, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "நேத்து ராத்திரி சாப்புடல மிஸ்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. எனக்கு உள்ளுக்குள் மணி அடித்துவிட்டது. ஏன் சாப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை. கடிதத்தின் முதல் வரியும் கடைசி வரியும் அந்த நிமிஷமே மனசில் ஓட ஆரம்பித்துவிட்டன.

அவள் வீட்டுப் பக்கவாட்டில் துருப்பிடித்த தகரத் தடுப்பு ஒன்று இருந்தது. அதன் முன்னால் நிறுத்தி போட்டோ எடுத்தேன். போனைப் பார்த்ததும் அந்தப் பெண் பல் தெரியச் சிரித்தாள். "சிரிக்காதே கண்ணு, கொஞ்சம் தலையைக் குனி" என்றேன். அவள் அம்மா மையத்தில் சேர்க்கும்போதே ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆங்கிலப் படிவம். அதில் போட்டோவைப் பற்றி ஒரு வரி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எனக்குத் தெரியும். சட்டப்படி எல்லாம் சரி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கடிதத்தில் அவள் பெயரை மட்டும் மாற்றினேன். "இன்றிரவும் இவள் பசியோடுதான் தூங்கப் போகிறாள்" என்று முடித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போன் ஓயவே இல்லை. அதுவரை நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. சனிக்கிழமை காலையில் ஆபீசுக்கு சமோசா வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் நிர்வாகி, நல்ல மனிதர், என்னைப் பார்த்துக் கும்பிடாத குறைதான்.

திங்கட்கிழமை மதியம் ஒரு அம்மா ஆபீசுக்குள் வந்தார். கையில் நாலடுக்கு டிபன் கேரியர், இன்னொரு கையில் ஒரு பை. அந்தப் பெண்ணின் அம்மா. பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் டெய்லர். அந்த நேரத்தில் அவர் ஊரிலேயே இருக்க மாட்டார். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

அவர் என் மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரை ஓரமாகத் தள்ளினார். பையிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். கேரியரைத் திறந்து சோறு போட்டார், முருங்கைக்காய் சாம்பார் ஊற்றினார், பீன்ஸ் பொரியலும் ஆளுக்கொரு அவித்த முட்டையும் வைத்தார்.

"எங்க ஊட்ல சோறு இல்லன்னு எழுதினீங்களாமே மேடம். சாப்டுங்க. நேத்து மீந்தது இல்ல, காலைல வடிச்சது."

பக்கத்து மேஜையில் இருந்த நிர்வாகி எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்க அக்கா, பேசலாம் என்று ஏதோ உளறினேன்.

"மொதல்ல சாப்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

சாப்பிட்டேன். வேறு வழி தெரியவில்லை. நிர்வாகியும் சாப்பிட்டார். அந்த அம்மா நின்றுகொண்டே இரண்டாவது தடவை சோறு போட்டார். சாம்பார் ரொம்ப நன்றாக இருந்தது.

பிறகுதான் சொன்னார். நன்கொடையாளர்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள், கடிதம் அவர்களோடு நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அதுதான் எனக்கு இருந்த மூளை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருப்பவருக்குத் தம்பி குடும்பம் ஊரிகத்தில். துபாயில் இருப்பவர் இங்குள்ள பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். இங்கிருந்து போன கடிதம் உலகத்தைச் சுற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் இதே லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெயரை மாற்றி என்ன பயன், முகம் அதேதானே.

"சனிக்கெழம காலைல ரயில்ல போயிகினு இருந்தேன். பக்கத்துல குந்திகினு இருந்தவங்க போனக் காட்டி, இது உன் பொண்ணுதானேன்னு கேட்டாங்க. மொதல்ல எனக்குப் பெருமையா இருந்துச்சு மேடம். கணக்குல எதாச்சும் பரிசு வாங்கியிருப்பாளோன்னு நெனச்சேன். அப்புறம் அவங்க படிச்சிக் காட்டுனாங்க. பெட்டி பூராம் கேட்டுச்சு."

அன்று காலையே பள்ளிக்கூடத்தில், அந்தப் பெண்ணின் பெஞ்சு மேல் பிள்ளைகள் பிஸ்கெட் பாக்கெட்டுகளை வைத்திருக்கிறார்கள். ஒரு டீச்சர் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுத் தன் சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவள் பாதியிலேயே வீட்டுக்கு வந்து புத்தகத்தை எல்லாம் கோணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டாளாம். இனி பள்ளிக்கூடமும் இல்லை, பரீட்சையும் இல்லை என்றாளாம்.

"என்னைய எவ்ளோ வேணா பேசிக்கட்டும். அவ பரீட்ச எழுதணும். நீங்கதான் கெடுத்தீங்க, நீங்களே சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவரே தட்டுகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "ஊருக்கெல்லாம் அனுப்புனீங்க, எனக்குப் படிச்சிக் காட்டவே இல்லியே மிஸ். இப்பப் படிங்க" என்றாள்.

போனை எடுத்துப் படித்தேன். என் முன்னால் குக்கர், மாவுப் பாத்திரம், கயிற்றில் உலர்ந்துகொண்டிருக்கும் யூனிஃபார்ம். மூன்று வரியோடு நிறுத்திவிட்டேன். படிங்க என்றாள் மறுபடியும். கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்தாள். என் வாழ்க்கையில் இவ்வளவு அசிங்கமான ஒன்றை நான் வாய்விட்டுப் படித்ததில்லை.

"முழுசும் சுள்ளு, பொய்யி" என்றாள்.

அப்போதுதான் கேட்டேன், அன்று ராத்திரி ஏன் சாப்பிடவில்லை என்று. அம்மாதான் பதில் சொன்னார். "மைசூர் டூருக்கு நான் விடலன்னு கோச்சிகினு படுத்துட்டா. இவ சாப்புடாம நான் எப்டி சாப்புட்றது? வடிச்ச சோத்துல தண்ணிய ஊத்தி வச்சிட்டு நானும் படுத்துட்டேன்."

அந்த வீட்டில் அன்று சோறு இருந்தது. மகள் சாப்பிடவில்லை என்று அம்மாவும் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். அதைப் போய் நான் வறுமை என்று எழுதி உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை, கடிதம் போன அத்தனை பேருக்கும் உண்மையை எழுதினேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் தருகிறோம் என்றும் சேர்த்தேன். நிர்வாகி கலங்கிப்போனார். "ஒரு வரி பொய்னு சொன்னா, மத்த வரியெல்லாம் யாரும்மா நம்புவாங்க?" என்றார். அவர் பயந்ததும் நடந்தது. சிலர் திரும்பக் கேட்டார்கள். ஒருவர், அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கு உதவி வேண்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல் என்று கோபமாக எழுதினார்.

உண்மையைச் சொல்லி நான் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். இதோடு சரியாகிவிடும் என்று நம்பினேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மிஸ், எங்க ஊட்ல சோறு கீதுன்னு. யாரும் நம்பல. பரவால்ல, வெக்கப்படாதன்னு சொல்றாங்க. நீங்க வந்து கிளாஸ்ல சொல்லுங்க."

பிள்ளை தன் வாயால் உண்மையைச் சொன்னால்கூட யாரும் நம்பாதபடி நான் எழுதி வைத்திருக்கிறேன். என் எழுத்துக்கு அவ்வளவு சக்தி என்று பெருமைப்பட்டவள்தானே நான்.

தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு புதன்கிழமை வகுப்புக்குப் போனேன். எத்தனையோ பெரிய ஆட்கள் முன்னால் பேசியவள், அந்தப் பிள்ளைகள் முன்னால் கரும்பலகையை ஒட்டி நின்றேன். கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான், அதில் இருப்பது பொய், அந்த வீட்டுச் சோற்றை நானே ஒரு மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டேன் என்றேன். அந்தப் பெண் உள்ளே வராமல் கதவுக்கு வெளியே அவள் அம்மாவோடு நின்றிருந்தாள்.

முதல் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அப்ப நாங்க குடுத்த பிஸ்கெட்டு?"

வாசலில் இருந்து பதில் வந்தது. "பெஞ்சு மேலயே வச்சிட்டுத்தானே போனேன்? எவ தின்னுட்டீங்க?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. யாரோ யாரையோ காட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் அம்மா ரயிலுக்குக் கிளம்பிப் போனார்.

அவள் பரீட்சை எழுதினாள், நல்ல மார்க் வாங்கினாள், இப்போது பி.யு.சி. இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் மையத்துக்கு மறுபடி வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. இப்போதெல்லாம் யாரைப் பற்றி எழுதினாலும் அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். முகம் தெரியும்படி போட்டோ போடுவதே இல்லை. முன்பு போலப் பணம் வருவதில்லை. வருவதை வைத்து ஓட்டுகிறோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். போன மாதம் ஆம்பூரில் இருக்கும் என் சித்தி ஒரு போட்டோவை அனுப்பி, "உங்க ஊர்ப் பொண்ணாமே, பாவம், ஏதாவது செய்யேன்" என்று கேட்டிருந்தார். தகரத் தடுப்பு, குனிந்த தலை, கீழே என் பத்து வரி. இவள் நன்றாகச் சாப்பிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள், அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள் என்று சித்திக்கு எழுதினேன். எனக்கு யார் அனுப்பினாலும் இப்படி எழுதிவிடுவேன். ஆனால் என் பதில் போய்ச் சேராத எத்தனையோ பேரின் போன்களில் அந்தப் பெண் இன்றிரவும் பசியோடுதான் தூங்கப் போகிறாள்.